கவுன்சிலும் நெட் ஜீரோவும்: பிஎச்டி செய்ய வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் உள்ளாட்சி, காலநிலைக் கொள்கை இரண்டையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய நினைக்கும் தமிழ் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கவுன்சில் என்றால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றம். நெட் ஜீரோ என்றால் வெளியிடும் பசுங்குடில் வாயுவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாகி, நிகர உமிழ்வு பூஜ்யமாவது. பதில்கள் பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் உள்ளாட்சிச் சட்டமே வேறு. கருத்துகள் என்னுடையவை. உங்கள் நெறியாளர் மறுக்கலாம், மறுத்தால் நல்லதுதான்.

நெட் ஜீரோ நாட்டின் இலக்கு ஆயிற்றே, இதில் கவுன்சிலுக்கு என்ன வேலை?

2008இல் வந்த காலநிலை மாற்றச் சட்டம், 1990ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு 2050க்குள் உமிழ்வை 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. 2019 ஜூனில், பிரதமர் தெரசா மே பதவியிலிருந்து இறங்கப்போகும் கடைசி வாரங்களில், அந்த 80 நூறாக, அதாவது நெட் ஜீரோவாகத் திருத்தப்பட்டது. இந்தச் சட்டம் பொறுப்பாக்குவது லண்டனில் இருக்கும் அரசை. உன் எல்லைக்குள் உமிழ்வை இவ்வளவு குறைத்தே ஆகவேண்டும் என்று இங்கிலாந்தின் ஒரு கவுன்சிலைப் பார்த்துச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. ஸ்காட்லாந்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் பொது அமைப்புகளுக்குக் கடமை ஒன்றை விதித்திருக்கிறது. அங்கே இலக்கு ஆண்டும் 2045.

கடமை இல்லாவிட்டாலும் கை வைக்காமல் இருக்க முடியாது. கட்டட அனுமதி, கவுன்சில் வாடகைக்கு விடும் வீடுகள், உள்ளூர்ச் சாலைகள், பேருந்து, குப்பை எல்லாம் கவுன்சிலின் மேசைக்கு வந்துதான் போகின்றன. அரசுக்கு ஆலோசனை சொல்லும் காலநிலை மாற்றக் குழு 2020இல் ஒரு கணக்குச் சொன்னது: ஒரு பகுதியின் மொத்த உமிழ்வில் கவுன்சிலின் சொந்தக் கட்டடங்களும் வண்டிகளும் வெளியிடுவது 2 முதல் 5 சதவீதம்தான். ஆனால் அதன் அதிகாரமோ செல்வாக்கோ எட்டும் தூரத்தில் இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் யாரோடு பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

காலநிலை அவசரநிலைத் தீர்மானங்களை ஆய்வுப் பொருளாக எடுக்கலாமா? நிறையத் தரவு இருக்கிறதே?

இருக்கிறது, அதுதான் சிக்கல். 2018 நவம்பரில் பிரிஸ்டல் மாநகர கவுன்சில் காலநிலை மாற்றத்தை அவசரநிலையாக அறிவிக்கும் அந்தத் தீர்மானத்தை பிரிட்டனில் முதலாவதாக நிறைவேற்றியது. கொண்டு வந்தவர் பசுமைக் கட்சிக் கவுன்சிலர் கார்லா டென்யர், இப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த சில ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட கவுன்சில்கள் அதே வழியில் போயின. தீர்மானத்தின் பட்டியலும் தேதியும் இலக்கு ஆண்டும் எளிதாகக் கிடைப்பதால் ஏற்கெனவே பலர் அதை அலசிவிட்டார்கள்.

என் கருத்தில், தீர்மானம் என்பது கவுன்சில் செய்யும் வேலைகளிலேயே செலவு குறைந்த வேலை. கை தூக்கினால் போதும். நெட் ஜீரோவின் தலையெழுத்து நிதித் துறையிலும், கட்டடங்களுக்கு அனுமதி தரும் திட்ட அனுமதிக் குழுவிலும் ஒப்பந்தப் பிரிவிலும் எழுதப்படுகிறது. காலநிலைப் பிரிவு என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர், அதிலும் ஒருவர் தற்காலிகப் பணியாளர். ஆய்வை அந்த அறைக்கு வெளியே கொண்டுபோங்கள்.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது?

ஒரு முடிவை எடுங்கள். தேதி உள்ள, பணம் புரண்ட, யாரோ எதிர்த்த ஒரு முடிவு. நாட்டிங்காமை வைத்துச் சொல்கிறேன். இந்த நகரம் 2028க்குள் கரிமச் சமநிலை அடைவோம் என்று அறிவித்தது. பெரிய பிரிட்டிஷ் நகரங்கள் சொன்னவற்றில் மிகவும் துணிச்சலான தேதிகளில் ஒன்று. அந்த அறிவிப்பைவிடச் சுவையானவை அதற்கு முன்பே நடந்த இரண்டு முடிவுகள்.

முதலாவது, பணியிட வாகன நிறுத்த வரி. பதினொன்றோ அதற்கு மேலோ வாகன நிறுத்த இடங்களை ஊழியர்களுக்குக் கொடுக்கும் முதலாளி ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். 2012 ஏப்ரலில் வசூல் தொடங்கியது, நாட்டிலேயே முதல் முறை. வசூலான பணம் டிராம் பாதையை நீட்டிக்கப் போயிற்று. 2015இல் புதிய தடங்கள் ஓடத் தொடங்கின. இதற்கான அதிகாரம் 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தில் இருந்தது. வரும் பணத்தைப் போக்குவரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருந்தது.

இரண்டாவது, ராபின் ஹூட் எனர்ஜி. 2015இல் கவுன்சிலே தொடங்கிய மின்சார, எரிவாயு விற்பனை நிறுவனம். லாப நோக்கமில்லை, ஏழை வீடுகளுக்கு நியாயமான கட்டணம் என்ற நல்லெண்ணம். லீட்ஸ் நகரம்கூட ஒயிட் ரோஸ் எனர்ஜி என்ற தன் பெயரில் இதன் மின்சாரத்தை விற்றது. மொத்த விற்பனைச் சந்தையில் விலை ஏறி இறங்கும்போது தாக்குப்பிடிக்கும் முதல் அதனிடம் இல்லை. கவுன்சில் மேலும் மேலும் கடன் கொடுத்தது. 2020இல் வாடிக்கையாளர்கள் பிரிட்டிஷ் கேஸுக்கு மாற்றப்பட்டார்கள். கவுன்சிலுக்கு ஏறத்தாழ 3.8 கோடி பவுண்டு நட்டம்.

ஒரே கவுன்சில், ஒரே கட்சி ஆட்சி, ஒரே ஆர்வம். ஒன்று நின்றது, மற்றது விழுந்தது. சட்டம் கொடுத்த அதிகாரமும் பூட்டி வைத்த வருமானமும் ஒரு பக்கம். திறந்த சந்தையின் அபாயம் மறு பக்கம். இது என் விளக்கம். நீங்கள் ஆவணங்களைப் படித்துவிட்டு வேறு விளக்கம் சொன்னால் அதுதான் ஆய்வேடு. இன்னொரு கேள்வியும் பக்கத்திலேயே கிடக்கிறது: வரி இவ்வளவு நன்றாக வேலை செய்ததென்றால் மற்ற நகரங்கள் ஏன் வரிசை கட்டவில்லை? லெஸ்டர் நகரம் திட்டம் போட்டு, கருத்துக் கேட்டு, 2022இல் கைவிட்டது. நடக்காமல் போன முடிவுகளை ஆராய்பவர்கள் குறைவு.

கவுன்சில் திவால் என்று செய்தி வருகிறதே, அது உண்மையா?

சட்டப்படி இங்கிலாந்தில் கவுன்சில் திவாலாக முடியாது. வரவும் செலவும் ஒத்துப்போகாது என்று தெரிந்தால், தலைமை நிதி அதிகாரி 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆவது பிரிவின்படி ஓர் அறிக்கை வெளியிடுவார். அத்தோடு புதிய செலவு நிற்கும். குழந்தைகள் பாதுகாப்பு, முதியோர் பராமரிப்பு போன்ற சட்டக் கடமைகள் மட்டும் தொடரும். நெட் ஜீரோ சட்டக் கடமை இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் விலை இங்கேதான் தெரியும்.

2018இல் நார்தாம்ப்டன்ஷயர், பிறகு குராய்டன், ஸ்லவ், தரக், 2023இல் வோக்கிங், பர்மிங்காம், நாட்டிங்காம் என்று பட்டியல் நீண்டது. வோக்கிங் கதை எனக்கு எப்போதும் உறுத்தும். தேம்ஸ்வே என்ற கவுன்சில் நிறுவனத்தின் மூலம் 1999 முதலே ஒரே நிலையத்தில் மின்சாரமும் வெப்பமும் உற்பத்தி செய்து நகர மையத்துக்குக் கொடுத்து, காலநிலை வேலைக்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்ட ஊர் அது. பின்னாளில் ஹோட்டலும் அடுக்குமாடிக் கோபுரங்களும் கட்டக் கடன் வாங்கிக் குவித்தது. 2023 ஜூனில் 120 கோடி பவுண்டு பற்றாக்குறை. அதன் கையில் இருந்த அடிப்படை ஆண்டு நிதியோ 1.6 கோடி. ஆற்றல் திட்டம் அந்தக் கடனுக்குக் காரணம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தரக் வேறு ரகம்: அங்கே சூரிய மின் பண்ணைகளில் லாபத்துக்காகப் போட்ட பெரும் முதலீடுகளே கவுன்சிலைக் கவிழ்த்தன. பசுமை என்று பெயர் இருந்தால் நல்ல செலவு என்று நம்புகிறவர்கள் அந்தக் கோப்பை ஒரு முறை படிக்க வேண்டும்.

திட்ட அனுமதித் துறையில் ஆய்வுக்கு இடம் இருக்கிறதா?

தாராளமாக. சட்டம் பிடிக்கும் என்றால் இதையே எடுங்கள்.

லண்டனின் மெர்ட்டன் கவுன்சில் 2003இல் ஒரு விதி போட்டது: 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்கள் தங்கள் ஆற்றலில் 10 சதவீதத்தை அங்கேயே புதுப்பிக்கத்தக்க வழியில் பெற வேண்டும். மற்ற கவுன்சில்களும் அதைப் பின்பற்றின, 2008இல் நாடாளுமன்றமே அப்படி விதி போடும் உரிமையைச் சட்டமாக்கியது. பாத் மற்றும் வடகிழக்கு சாமர்செட் கவுன்சில் 2023 ஜனவரியில் இன்னும் மேலே போய், புதிய வீடுகள் பயன்பாட்டு ஆற்றலில் நெட் ஜீரோவாக இருக்க வேண்டும் என்று தன் உள்ளூர்த் திட்டத்தில் எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சர் ஓர் அறிக்கை வெளியிட்டார்: நாட்டின் கட்டட விதிகளை மிஞ்சும் உள்ளூர்த் தரங்களை அரசு எதிர்பார்க்கவில்லை. மேலே இருப்பவர் கொடுப்பதும் பிடுங்குவதுமாக இருபது ஆண்டுகள். ஒரு கவுன்சிலின் திட்டப் பிரிவு இதற்கு நடுவில் எப்படித் தன் விதியைக் காப்பாற்றியது என்று பார்த்தாலே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

இன்னொரு வழக்கு, சர்ரே. ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் எண்ணெய் எடுக்க சர்ரே கவுன்டி கவுன்சில் 2019இல் அனுமதி தந்தது. அதே ஆண்டுதான் அது காலநிலை அவசரநிலையும் அறிவித்தது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் கிணற்றடியில் வரும் உமிழ்வை மட்டும் கணக்கிட்டார்கள். எடுத்த எண்ணெயை எரிக்கும்போது வருவதைச் சேர்க்கவில்லை. சேரா ஃபின்ச் என்ற உள்ளூர்வாசி வழக்குத் தொடுத்தார், கீழ் நீதிமன்றங்களில் தோற்றார், 2024 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றத்தில் 3க்கு 2 என்ற கணக்கில் வென்றார். எண்ணெய் எரிக்கப்படத்தான் போகிறது, எனவே அதையும் கணக்கில் எடு என்றது தீர்ப்பு. ஒரு கவுன்சில் குழுவின் தீர்மானம் நாடு முழுவதற்குமான சட்டமாக வளர்ந்த கதை இது.

எந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்துவது?

மைய அரசு, உள்ளாட்சி எனப் பல மட்டங்கள் சேர்ந்து ஆள்வதைப் பார்க்கும் பல அடுக்கு ஆட்சிமுறை என்ற சட்டகத்திலிருந்து தொடங்குபவர்களே அதிகம். ஆய்வாளர்கள் ஹேரியட் பல்க்லியும் கிறிஸ்டினே கெர்னும் 2006இல் ஜெர்மனியையும் பிரிட்டனையும் ஒப்பிட்டுக் கவுன்சில் ஆளும் விதங்களை நான்காகப் பிரித்தார்கள்: தன்னைத் தானே ஆள்வது, பிறரைச் செய்யத் தூண்டுவது, சேவை வழங்குவது, அதிகாரத்தால் கட்டளையிடுவது. நாட்டிங்காம் வரியும் ராபின் ஹூட் நிறுவனமும் இதில் வேறு வேறு பெட்டிகளில் விழுவதைக் கவனியுங்கள். இதற்கு மேல் முதல் ஆண்டிலேயே கோட்பாட்டில் மூழ்க வேண்டாம்.

தரவு எங்கே கிடைக்கும்?

2005 முதல் ஒவ்வொரு கவுன்சில் பகுதிக்கும் உமிழ்வுக் கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஆனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பின்தங்கி வரும். அதில் ஓர் உபபட்டியல், கவுன்சிலின் செல்வாக்குக்கு உட்பட்டவை என்று. மோட்டார்வே, ரயில், பெரிய தொழிற்சாலைகளை அதில் கழித்துவிடுவார்கள். எந்தப் பட்டியலை எடுத்தீர்கள் என்பதை வைத்து ஒரே ஊர் சாதனையாளராகவும் சோம்பேறியாகவும் தெரியும். மேலும், ஊர் எல்லைக்குள் வெளியானதும் அங்கே பயன்படுத்திய மின்சாரத்தின் உமிழ்வும்தான் இதில் வரும். வெளிநாட்டில் செய்து இங்கே வாங்கிய பொருளின் உமிழ்வு வராது. நிலக்கரி மின் நிலையங்கள் மூடப்பட்டதால் வந்த குறைவையும் கவுன்சில் தன் கணக்கில் சொல்லிக்கொள்ளும்; அதைப் பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

எண்களைவிட எனக்குப் பிடித்தவை குழு ஆவணங்கள். கூட்டத்துக்கு ஐந்து முழு வேலைநாள் முன்பே நிகழ்ச்சிநிரலும் அறிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பது சட்டம். ஒவ்வோர் அறிக்கையின் கடைசியிலும் நிதித் தாக்கம், சட்டத் தாக்கம் என்று பத்திகள் வரும். இப்போது பல இடங்களில் காலநிலைத் தாக்கம் என்றும் ஒரு பத்தி. மூன்று ஆண்டு அறிக்கைகளில் அந்தப் பத்தியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எங்கே சிந்தித்து எழுதினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்று புரிந்துவிடும். பொதுவில் இல்லாததைச் சுற்றுச்சூழல் தகவல் விதிமுறைகள் வழியாகக் கேட்கலாம். 20 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும்.

யாரை நேர்காணல் செய்வது?

எல்லாரும் காலநிலை அதிகாரியிடம் போவார்கள். அவர் பேசுவார், இனிமையாகப் பேசுவார், நீங்கள் கேட்க விரும்பியதையெல்லாம் சொல்வார். அவசியம் பாருங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். செக்‌ஷன் 151 அதிகாரி என்று அழைக்கப்படும் தலைமை நிதி அதிகாரி, ஒப்பந்தப் பிரிவு, கவுன்சில் வீடுகளைப் பழுதுபார்க்கும் பிரிவின் தலைவர், எதிர்க்கட்சியின் பழைய கவுன்சிலர் ஒருவர். ஓய்வுபெற்றவர்கள் பொன்னானவர்கள், நேரமும் உண்டு, பயமும் இல்லை.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரிடமும் பேசக் கூடாது. பெயரை மறைப்பதாக உறுதி கொடுக்கும் முன் யோசியுங்கள்: ஒரு நடுத்தர ஊரில் காலநிலை அதிகாரி ஒருவர்தான் என்றால் பதவியைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். ஊரின் பெயரையும் மறைப்பதா, பதவியைப் பொதுவாகச் சொல்வதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

நான் எடுத்த கவுன்சிலையே கலைத்துவிட்டால்?

சிரிக்காதீர்கள், நடக்கிறது. கம்ப்ரியா கவுன்டி கவுன்சில் 2020 அக்டோபரில் ஒயிட்ஹேவன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஒப்புதல் சொன்னது. விவகாரம் லண்டனுக்குப் போய், 2022 டிசம்பரில் அமைச்சர் அனுமதித்து, 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அதற்குள் கம்ப்ரியா கவுன்சிலே இல்லை. 2023 ஏப்ரலில் அதைக் கலைத்து இரண்டு புதிய கவுன்சில்கள் உருவாக்கப்பட்டன. 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, கவுன்டி, டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு அடுக்காக இருக்கும் இடங்களையெல்லாம் ஒரே அடுக்காக்கப் போவதாகச் சொல்கிறது. எனவே இரண்டடுக்குப் பகுதியை எடுத்தால் ஆவணங்களை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலோடு அதன் இணையதளமும் போகும்.

ஆட்சி மாற்றமும் அப்படியே. டர்ஹம் கவுன்டி கவுன்சில் 2019இல் காலநிலை அவசரநிலை அறிவித்தது. 2025 மே தேர்தலில், நெட் ஜீரோவை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சி வென்றது, ஜூலையில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. இதனால் ஆய்வு செல்லாமல் போகாது. அறிவிப்பு போன பிறகும் எந்த ஒப்பந்தம், எந்தப் பணியிடம், வீட்டைச் சூடாக்கும் எந்த ஹீட் பம்ப் மிஞ்சியது என்று பார்ப்பது இப்போதுதான் சாத்தியமாகியிருக்கிறது.

எவ்வளவு காலம், எவ்வளவு பணம்?

முழுநேரமாக மூன்று முதல் நான்கு ஆண்டு. ஆய்வேடு பொதுவாக 80,000 முதல் 1,00,000 சொல் வரை. அரசின் ஆராய்ச்சி நிதியமைப்பு தரும் குறைந்தபட்ச ஊக்கத்தொகை 2025-26இல் ஆண்டுக்கு 20,780 பவுண்டு; லண்டனுக்குக் கூடுதல். இந்த நிதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 30 சதவீதம் வரை இடம் உண்டு, போட்டி கடுமை. முதல் ஆண்டு இறுதியில் ஒரு தடைக்கல் தேர்வு. கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு: உள் தேர்வாளர் ஒருவர், வெளித் தேர்வாளர் ஒருவர், மூடிய அறை. நம்மூர்போல ஊரைக் கூட்டிப் பொன்னாடை போர்த்தும் வைபவம் கிடையாது. அம்மா அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சியோடு ஒப்பிடலாமா?

கவர்ச்சியான எண்ணம், கவனம் தேவை. அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணை மரபுசாரா ஆற்றலை ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களில் ஒன்றாகச் சொல்கிறது. நகரங்களுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் தெருவிளக்கு உண்டு, ஆற்றல் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவி மின்சாரம் விற்றதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தை மறு பக்கம் வையுங்கள். அதே மாநகராட்சியில் 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை என்பதையும் மறக்காதீர்கள். இங்கிலாந்தில் கவுன்சிலர்களை வைத்துக் கேட்கும் கேள்விகளை அங்கே அப்படியே கேட்க முடியாது. இரண்டு நாட்டையும் சமமாக அலச மூன்று ஆண்டு போதாது. ஒன்றை ஆழமாகச் செய்து, மற்றதை ஓர் அத்தியாயத்தோடு நிறுத்துங்கள்.

நெறியாளருக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

காலநிலை மாற்றம் மனிதகுலத்தின் பெரும் சவால் என்று தொடங்காதீர்கள், அவருக்கும் தெரியும். ஒரு கவுன்சிலின் பெயர், ஒரு முடிவு, அது எடுக்கப்பட்ட தேதி, அதைப் பற்றிய குழு அறிக்கையில் உங்களுக்குப் புரியாத ஒரு வரி, அதை ஏன் துரத்த வேண்டும் என்று நான்கு வாக்கியம். தற்குறிப்பை இணையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் போடலாம், தவறில்லை.